பூங்காவனம் திட்டிய கதை

திண்டிவனத்தில் நடந்த சிறுகதைப் பயிலரங்குக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள். நடுவரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி எழுந்து, "ஒரு கதையை எழுதி முடிச்சதும் முதல்ல யார்கிட்ட படிக்கக் கொடுப்பீங்க?" என்று கேட்டார். எனக்கு மைக்கைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். "யார்கிட்டயும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மரக்காணத்துக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே வந்தது. பெருமுக்கல் மலை தாண்டியும் விடவில்லை. அந்தக் கேள்விக்குச் சொல்ல என்னிடம் முழுசாக ஒரு பதில் இருந்தது. பேசத்தான் வராது, எழுத வரும். அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பள்ளிக்கூடப் படிப்புதான். உத்தி, படிமம் என்று நீங்கள் பேசிக்கொள்வதில் பாதி எனக்குப் புரியாது. ஆனால் ஒரு கதை எங்கே நிற்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும். அதில் சந்தேகமே கிடையாது. அதை நான் கற்றுக்கொண்ட இடம் ஓர் இன்ஜின் கொட்டகை.

இந்த எழுபதுகளின் தொடக்கத்தில் மரக்காணம் உப்பளம் ஒன்றில் ஆயில் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தேன். உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு அனுப்புகிற இன்ஜின். இப்போது அந்த இடத்தில் மின்சார மோட்டார் இருக்கிறது, நானும் அந்த வேலையில் இல்லை. அன்றைக்கு அந்த வெட்டவெளியில் நிழல் என்று இருந்தது என் கொட்டகை ஒன்றுதான். விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்குகிற ஆட்கள், உச்சிவெயிலில் உப்பின் வெள்ளை கண்ணைக் குத்த ஆரம்பித்ததும் அங்கேதான் வந்து சேருவார்கள். நான் இன்ஜினை ஆறப்போடுவேன். அவர்கள் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். யாராவது ஒருத்தர், "புக்கு எடுங்க இன்ஜின்காரரே" என்பார்.

வாரப் பத்திரிகை, மாதப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் அவர்கள் வைத்த பெயர் புக்குதான். பஸ் நிற்கிற இடத்துக் கடையில் அந்த வாரம் எது வந்திருக்கிறதோ அதை வாங்கி வருவேன். படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே குறைவு. அட்டையில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பது யாருக்கும் ஒரு பொருட்டில்லை. கதை வேண்டும், அவ்வளவுதான். நான் படிப்பேன், அவர்கள் கூழும் கருவாடுமாகக் கேட்பார்கள். நாலு பேர் எதிரே பேச வராத எனக்கு, அடுத்தவர் எழுதியதைப் படிக்கும்போது மட்டும் குரல் நடுங்காது. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நான் கதை எழுதுகிற சங்கதி அங்கே யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பும்போதுகூட, கிளியனூரில் இருக்கும் என் அக்கா வீட்டு விலாசத்தைத்தான் கொடுப்பேன். மரக்காணத்தில் தபால்காரர் தடித்த உறையை நாலு பேர் பார்க்க நீட்டி, "இதுவும் திரும்பி வந்துடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? அக்காவுக்கு நிற்கவும் நேரம் இருக்காது. உறைகளைப் பிரிக்காமல் பெட்டிமேல் அடுக்கி வைப்பாள். ரொம்ப நாள் வரைக்கும் அவள் நான் யார்மேலோ கேசு போட்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். "வக்கீலை மாத்துடா. எல்லாம் திரும்பித் திரும்பி வருது" என்று ஒருமுறை வருத்தப்பட்டுச் சொன்னாள்.

ஒரு வாரம் கடைக்குப் பத்திரிகை வந்து சேரவில்லை. கொட்டகையில் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். என் கையில் பழைய இதழ் ஒன்று. அதற்குள் நான் எழுதிய கதையை மடித்து வைத்திருந்தேன். என்ன துணிச்சலில் செய்தேனோ, பத்திரிகையை விரித்துப் பிடித்து, உள்ளே இருந்த என் காகிதத்தைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்தக் கூட்டத்தில் பூங்காவனம் என்று ஒருத்தி. உப்பு சுமக்கிறவள். வயதில் என்னைவிட ஒன்றிரண்டு கூடவோ குறையவோ இருக்கும். அவள் கதை கேட்கமாட்டாள், கதைக்குள் இறங்கிச் சண்டை போடுவாள். அன்றைக்கு நான் படித்து முடித்ததும் விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்:

"சப்புனு இருக்குது. எவன் எழுதினது?"

"யாரோ ஒருத்தர்."

"அந்த யாரோ ஒருத்தன் கல்யாணம் ஆவாதவன். வேணா விசாரிச்சுப் பாருங்க. பொண்டாட்டி பேசற பேச்சு ஒண்ணுகூட சரியில்ல. எவ புருசன்கிட்ட இவ்ளோ நேரம் நின்னு பதில் சொல்லிக்கினு இருப்பா? சட்டியை ணங்குனு வெப்பா. அதான் பேச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதும் கல்யாணம் ஆகவில்லை, இப்போதும் ஆகவில்லை. காது சூடாகிவிட்டது. அன்று மாலை அந்தப் பேச்சையெல்லாம் அடித்துவிட்டு ஒரு சட்டியை வைத்தேன். அந்தக் கதைதான் அச்சில் வந்த என் முதல் கதை. புனைபெயரில் வந்தது.

அதிலிருந்து அதுவே என் வழக்கமாகிவிட்டது. எழுதிய கதை ஒவ்வொன்றையும் புக்குக்குள் வைத்துப் படித்துவிடுவேன். அவர்கள் எங்கே மெல்லுவதை நிறுத்துகிறார்கள், எங்கே பீடி பற்றவைக்கிறார்கள், எங்கே பக்கத்து ஆளிடம் கூலிக் கதை பேசத் தொடங்குகிறார்கள் என்று காகிதத்துக்கு மேலாகப் பார்த்துக்கொள்வேன். எழுதியவன் எதிரே நிற்கிறான் என்று தெரியாத ஜனங்கள் சொல்கிற அபிப்பிராயத்துக்கு ஈடாக எதுவும் கிடையாது.

இனி, அதனால் வந்த வினையைச் சொல்கிறேன்.

ஒரு வாரப் பத்திரிகை சிறுகதைப் போட்டி அறிவித்தது. கதை சொந்தக் கற்பனை, வேறெங்கும் வெளிவராதது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். நான் ஒரு உப்பளத்துக்காரியின் கதையை அனுப்பினேன். புருஷன் அவளை விட்டுவிட்டுப் பாண்டிச்சேரிக்குப் போய் வேறொருத்தியோடு இருக்கிறான். சில வருஷம் கழித்து, திரும்பி வந்து கூப்பிடுகிறான். அவன் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறான், இவள் பாத்தியில் நிற்கிறாள். மழை இருட்டிக்கொண்டு வருகிறது. நான் முதலில் எழுதியதில் அவள் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிவிடுவாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

கொட்டகையில் படித்தபோது பூங்காவனம் கூழ்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினாள்.

"அம்பாரமா உப்பு குமிச்சுக் கெடக்குது, மேல கருக்கிக்கினு வருது, மூடாம எவளாவது பஸ் ஏறுவாளா? அவன் கூப்ட்டதும் பல்லைக் காட்டிக்கினு ஓடிடுவாளா? 'நில்லுடா, ஓலை போட்டு மூடிட்டு வர்றேன்'னு சொல்லுவா. நின்னா நிக்கட்டும், போனா போவட்டும். இவனுக்கு இன்னா தெரியும், புக்கு எழுதறவனுக்கு!"

நான் இரண்டு நாள் யோசித்துவிட்டு முடிவை மாற்றினேன். போட்டிக்கு அனுப்பியது மாற்றிய கதை.

அடுத்த உப்புப் பருவத்தில் முடிவு வந்தது. முதல் பரிசு. போட்டோ கேட்டிருந்தார்கள் என்பதால் திண்டிவனத்துக்குப் போய் எடுத்து அனுப்பியிருந்தேன். கதை, சொந்தப் பெயர், மரக்காணம், என் முகம் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிட்டன. அதைவிடப் பெரிய விஷயம், ஒரு பதிப்பகம் என் கதைகளைத் தொகுதியாகப் போட ஒத்துக்கொண்டது. பரிசுக் கதையின் பெயரையே புத்தகத்துக்கும் வைப்பதாகச் சொன்னார்கள். உங்களில் முதல் புத்தகம் வந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

நான் அந்த இதழை மறைத்து வைத்தேன். ஆனால் எங்கள் மேஸ்திரி படிக்கத் தெரிந்தவர். நேர்மையான மனிதர், சைக்கிளைவிட்டு இறங்காமலேயே ஒரு காலை ஊன்றி நின்றபடி என் வாசிப்பைக் கேட்டுவிட்டுப் போவார். பஸ் நிற்கிற இடத்துக் கடையில் அவர் கண்ணில் போட்டோ பட்டுவிட்டது. அன்று உச்சிவேளைக்கு இதழோடு கொட்டகைக்கு வந்து நின்றார்.

"இங்க பாருங்கடா! நம்ம இன்ஜின்காரர் போட்டோ! கதை எழுதி மொதல் பரிசு வாங்கியிருக்காரு. ஆளு ஊமையாட்டம் இருந்துக்கினு இன்னா வேலை பண்ணியிருக்காரு பாரு!"

"மீசை இவ்ளோ இல்லியே" என்றாள் பூங்காவனம்.

"அட, போட்டோக்காரன் தீட்டியிருப்பான். கம்முனு கேளு" என்று மேஸ்திரி படிக்க ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியதைப் பார்த்தேன்.

ஒரு பக்கம் போயிருக்கும். பின்னால் இருந்து ஒரு குரல்.

"மேஸ்திரி, நில்லுங்க. இது தெரிஞ்ச கதையாட்டம் இருக்குது."

"ஆமா, புருசன்காரன் பாண்டிக்குப் பூடுவான்."

"அங்க ஒருத்தியோட குடித்தனம் பண்ணுவான். அப்பால வந்து கூப்புடுவான்."

மேஸ்திரி இரண்டு பத்தி தள்ளிப் பார்த்தார். அவர்கள் சொன்னபடியே இருந்தது. மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"போன வருசம் இதே எடத்துல இன்ஜின்காரர் புக்குல படிச்சாரே" என்றாள் பூங்காவனம். அவளுக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

"ஏம்பா, நெசமா?"

"படிச்சேன்" என்றேன்.

"அப்போ புக்குல ஏற்கெனவே வந்த கதையா இது?"

தம்பிகளே, அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். எனக்கு வாய் வரவில்லை. அத்தனை முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. எழுந்துபோய் கைப்பிடியைப் போட்டு இன்ஜினைச் சுற்றிக் கிளப்பிவிட்டேன். அந்தச் சத்தத்தில் யாரும் எதையும் கேட்க முடியாது அல்லவா? கூச்சத்தை அடக்கம் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு அது திருட்டு முழியாகத்தான் தெரியும். மேஸ்திரி இதழை மூடினார். கதையின் மீதியை அன்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அவரே என்னிடம் வந்தார்.

"நான் புக்குக்காரங்களுக்குக் கார்டு போட்டுட்டேன். ஒளிச்சுச் செய்யல, உங்கிட்டயே சொல்றேன். நாளைக்கு வேற எவனாவது கண்டுபிடிச்சு எழுதினான்னா ஊருக்கே கேவலம். நாமளே சொல்லிட்டா கொஞ்சம் மருவாதி மிஞ்சும். தப்பா நெனைக்காத."

நான் தப்பாக நினைக்கவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

சில நாளில் கிளியனூரிலிருந்து அக்கா புருஷன் சைக்கிளில் வந்தார். பத்திரிகை ஆசிரியர் எழுதிய கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது. ஆசிரியரை அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை. "உங்களை நான் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கையை அச்சடித்து வாசகர்களுக்குக் கொடுக்க முடியாது. என் உதவி ஆசிரியர் வந்து விசாரிப்பார். அதுவரை பரிசை நிறுத்தி வைக்கிறோம்" என்று எழுதியிருந்தார். விஷயம் பதிப்பகத்துக்கும் போய்விட்டது. என் புத்தகத்துக்கு அச்சுக் கோப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நிலைமையை யோசித்துப் பாருங்கள். கதை எங்கேயாவது வந்திருந்தால் அந்த இதழைக் காட்டி, திருட்டு என்று நிரூபித்துவிடலாம். எங்கேயும் வராத கதை எங்கேயும் வரவில்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? நாட்டில் வெளிவருகிற அத்தனை பத்திரிகையையும் புரட்டிக் காட்டவா? திருட்டுக் கதைக்காரன் என்று ஒரு பத்திரிகை அறிவித்துவிட்டால் மற்ற எந்த வாசலுக்குள்ளும் நுழைய முடியாது. புத்தகம் போகட்டும், கிளியனூர் விலாசத்துக்குத் திரும்பி வரக்கூட இனி ஒரு கதை போகாது.

அக்கா புருஷன் விவரமான ஆள். "இதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கினு இருக்கியே. நாலு பேரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் குடு. வேற ஏதோ கதைன்னு நெனைச்சுட்டோம், தெரியாம சொல்லிட்டோம்னு சொல்லச் சொல்லு. முடிஞ்சுது" என்றார்.

கேட்டிருந்தால் அவர்கள் சொல்லியும் இருப்பார்கள், என்மேல் அவ்வளவு பிரியம். இரண்டு நாள் எனக்கு அந்த யோசனை இனித்தது. மூன்றாவது நாள் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று பிடிபட்டது. கதையைக் கேட்டதாக அவர்கள் சொல்வது நிஜம். அந்த நிஜத்தைக் கலைத்துவிட்டால் எனக்குச் சாட்சியே கிடையாது. என்னைக் காப்பாற்றக்கூடியது எதுவோ அதுவும் அவர்கள் ஞாபகத்துக்குள்தான் இருந்தது. அது தானாக வெளியே வரவேண்டும். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தாலும் அதற்கு மதிப்பு போய்விடும்.

ஆகவே நான் யாரையும் பார்த்துப் பேசவில்லை. அந்த நாட்களில் கொட்டகையில் புக்கு வாசிப்பும் இல்லை. அவர்கள் பேசாமல் சாப்பிட்டார்கள். அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஆனால் அசையவில்லை. என் எழுத்து வாழ்க்கையில் நான் எடுத்த சரியான முடிவு எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

உதவி ஆசிரியர் ஒரு உச்சிவேளையில் வந்து சேர்ந்தார். இளைஞர். உப்பின் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் கையை நெற்றியில் வைத்துக்கொண்டே நடந்து வந்தார். பூங்காவனம் தன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அவரை உட்காரவைத்தாள். மேஸ்திரியும் வந்தார்.

"இந்தக் கதையை இதுக்கு முன்னாடி கேட்டிருக்கீங்களா?" என்று உதவி ஆசிரியர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிக் கேட்டார்.

"கேட்டோம்."

"எங்கே?"

"இங்கதான்."

"இவர் எதைப் பார்த்துப் படிச்சார்?"

"புக்கைப் பார்த்துதான்."

"எந்தப் புத்தகம்னு ஞாபகம் இருக்கா?"

"அட்டையில ஒரு பொம்பள படம் போட்டிருந்துச்சு."

அவர் பெருமூச்சு விட்டார். "எல்லா அட்டையிலயும் அதுதாம்மா இருக்கு."

பேனாவை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் தீர்ப்பு எழுதியிருந்தது. இருந்தாலும் மரியாதைக்காகக் கேட்டார்: "நீங்க ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

அன்றைக்கு எனக்குக் குரல் வந்தது. "கதையை முழுசா படிச்சுக் காட்டுங்க. கடைசி வரி வரைக்கும்."

"கதைதான் எல்லாருக்கும் தெரியும்கறாங்களே."

"பரவாயில்லைங்க. படிங்க."

அவர் பையிலிருந்து இதழை எடுத்துப் படித்தார். நல்ல குரல். பழகிய கதை என்பதால் கேட்கிறவர்கள் முன்னாலேயே ஓடினார்கள். "இப்ப சமாதானம் பேச மாமன்காரன் வருவான் பாரு" என்றார் ஒருவர். மாமன் வந்தான். "இப்ப இவ ஒண்ணும் பேசாம உப்பை வாரிக்கினு இருப்பா" என்றாள் பூங்காவனம். அவள் வாரினாள். ஒவ்வொரு தடவையும் உதவி ஆசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒவ்வொரு பார்வையிலும் என் புத்தகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அவ்ளோதான். இப்ப மூட்டையைத் தூக்கிக்கினு ஓடிப்போயி பஸ்ல ஏறிடுவா" என்றாள் பூங்காவனம்.

அவர் படித்தார். கதையில் அவள் மூட்டையைத் தூக்கவில்லை. பஸ்ஸைப் பார்த்து, நில்லு, மூடிட்டு வர்றேன் என்று ஒரு சத்தம் போட்டாள். அம்பாரத்தின்மேல் ஓலையை இழுத்தாள். மழை இறங்கியது. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போகிற சத்தம் கேட்டது. யாராவது இறங்கினார்களா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி ஓலைக்குக் கயிறு போட்டாள். கதை முடிந்தது.



"இன்னாங்க, மாத்திட்டீங்க?" என்றாள் பூங்காவனம்.

"நான் எதையும் மாத்தலைம்மா. அச்சுல இருக்கறதைத்தான் படிச்சேன்."

"இல்லீங்க. அன்னிக்கு அவ பஸ் ஏறிப் போயிட்டா. ஏன்டி, போனா இல்ல?"

"போயிட்டா. நீதான் கூழைக்கூடக் குடிக்காம கத்தினே" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஆமா, கத்தினேன். உப்பை மூடாம எவ போவா, நில்லுடான்னு சொல்லுவாடான்னு…" அவள் பேச்சு பாதியில் நின்றது. பிறகு, அதட்டலே இல்லாத குரலில் கேட்டாள்:

"நான் இங்க குந்திக்கினு கத்தினது, மெட்ராஸ்ல புக்கு போடறவங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. கடைசியாகத் திரும்பியது மேஸ்திரியின் தலை.

"புக்குக்குள்ள நான் எழுதின காகிதத்தை வெச்சுப் படிச்சேன்" என்றேன்.

உதவி ஆசிரியர் பேனாவைத் திறந்தார். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, இதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா கேடு? என்னைக் கார்டு போட வெச்சிட்டியே!"

பூங்காவனத்துக்கு வேறு கணக்கு இருந்தது. "இருங்க இருங்க. அப்போ அந்தப் பேய்க் கதை?"

"என்னுதுதான்."

"டாக்டரும் நர்சும்?"

"அதும்தான்."

"ஐயய்ய, அது மகா மோசம்யா! நான்கூட மெட்ராஸ்காரன் எவனோ எழுதியிருக்கான்னு வுட்டுட்டேன். அது சரி, கல்யாணம் ஆவாதவன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லியா?"

கொட்டகை அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் விடாமல் கேட்டாள்: "அதெல்லாம் போவட்டும். அவன் பஸ்ஸைவுட்டு எறங்கினானா இல்லியா?"

"தெரியலை."

"எழுதினவனுக்கே தெரியலைன்னா நாங்க எங்க போயி கேக்கறது?"

இறங்கியிருப்பான் என்று பாதிப்பேர், போயிருப்பான் என்று பாதிப்பேர். வேலைக்கு இறங்கவேண்டிய நேரம் தாண்டியும் சண்டை ஓயவில்லை. உதவி ஆசிரியரும் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டார். "இறங்கலைங்க, அவன் இறங்கற ஆள் இல்லை" என்று அவர் சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தது நினைவிருக்கிறது. அடுத்த இதழில் ஆசிரியர் தன் கையெழுத்தோடு ஒரு குறிப்புப் போட்டார். பரிசு என் பெயரிலேயே நின்றது. பதிப்பகத்தில் மறுபடி அச்சுக் கோக்க ஆரம்பித்தார்கள். புத்தகம் வந்தது.

பரிசு வாங்கியவன் என்பதால் சென்னையில் ஒரு பயிலரங்குக்குக் கூப்பிட்டார்கள். பெரியவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். ஒருவர் படிக்க, மற்றவர்கள் அபிப்பிராயம் சொன்னார்கள். எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால் எல்லா அபிப்பிராயமும் நல்லபடியாகவே இருந்தது. என் கதைக்கும் தலையாட்டினார்கள். நன்றாகச் சாப்பாடு போட்டார்கள். திரும்பி வரும்போது எனக்குத் திருத்துவதற்கு ஒரு வரிகூடக் கிடைத்திருக்கவில்லை.

சரி, நம் கொட்டகை இருக்கிறது என்று வந்தேன். அங்கேயும் அது நடந்துவிட்டது. நான் காகிதத்தை வெளிப்படையாகவே கையில் எடுத்ததும், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். யாரும் பீடி பற்றவைக்கவில்லை. முடிந்ததும், "நல்லா இருக்குதுங்க" என்றார்கள். பூங்காவனம்கூட, "ஆமா, நல்லாதான் இருக்குது" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்படி நன்றாக இருந்த கதைகள் வரிசையாகக் கிளியனூருக்குத் திரும்பி வந்தன. நம் மனிதர்கள் நம் முகத்துக்கு நேராக நம் கதையைத் திட்டமாட்டார்கள். இது அவர்கள் குற்றமில்லை. பிரியம் இருக்கிற இடத்தில் அது அப்படித்தான்.

நடுவரிசைத் தம்பிக்கு என் பதில் இதுதான். கதையை யாரிடம் கொடுக்கிறோம் என்பது பெரிதில்லை. எழுதியது நீங்கள் என்று தெரியாத இடத்தில் அதைக் கொண்டுபோய் வையுங்கள். வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள். நெருக்கடி வந்தால் அப்போதும் அதையே செய்யுங்கள், கதையைப் பேசவிடுங்கள். ஆனால் நேராக ஒருத்தர் கேட்டால் மட்டும் வாயைத் திறந்து பதில் சொல்லிவிடுங்கள். இன்ஜினைச் சுற்றப் போகாதீர்கள்.

அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் கடையில் வாங்கிய பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்குப் புக்குதான்" என்றேன். பூங்காவனம் என் கையில் இருந்த பத்திரிகையையும் என் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "புக்கா? சரி, படிங்க" என்றாள்.

பாதி போகவில்லை. "நிறுத்துங்க நிறுத்துங்க" என்று ஆரம்பித்தாள். அவள் ஆரம்பித்ததும் மற்றவர்களுக்கும் வாய் திறந்துகொண்டது. மேஸ்திரி சைக்கிளில் நின்றபடியே தன் பங்குக்கு இரண்டு போட்டார். கதையை நார் நாராகக் கிழித்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது!

வேலைக்கு எழுந்தார்கள். பூங்காவனம் சும்மாட்டைத் தலையில் சரியாக வைத்துக்கொண்டு கூடையை எடுத்தாள்.

"இதை எழுதினவன் எவனோ, அவனுக்கு ஒரு கார்டு போடுங்க. அந்த மாமியாக்காரியைச் சும்மாச் சும்மா அழவெக்காதடான்னு."

"விலாசம் தெரியாதே" என்றேன்.

"தேடிப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் வெயிலில் இறங்கினாள். "கிட்டதான் எங்கனா இருப்பான்."

அன்று மாலையே அந்த மாமியார் அழுகையை நிறுத்திவிட்டாள்.